புகையை எடைபோட்ட வருடம்

ஜகார்த்தா
12 ஆகஸ்ட் 2002

அன்புள்ள லென்சி அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவீர்கள் என்ற பயத்தில் இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதி மூன்று முறையும் மேசைக்குள் வைத்துவிட்டேன். உங்களிடமிருந்து கடைசியாக நான்கு வரி வந்தது 1998 மே மாதம். அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை.

போன வாரம் ஆய்வகத்தின் பழைய அலமாரியைக் காலி செய்தார்கள். ஆக அடியில் நம் பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தேன். ஐந்து வருடம் ஆகியும் வடிதாள்களில் அந்த வாசனை போகவில்லை. சதுப்பு மண் எரிகிற அந்தப் புளிப்பு வாசனை. தாள்களின் ஓரத்தில் உங்கள் எழுத்தில் தேதி, நேரம், எடை. ஒரு தாளில் மட்டும் "பலுப்பி இன்று படித்துறையில் வழுக்கி ஆற்றில் விழுந்தாள்" என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்து மேசைக்காரன் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டான்.

பதினொரு வாரம்தான் நான் தும்பாங் செனாரியில் இருந்தேன். சுகாதார நிலையத்தின் பின்னறையில், உங்கள் பக்கத்துப் பாயில். ஜன்னலில் கட்டிய ஈரத்துணி மத்தியானத்துக்குள் காய்ந்து பழுப்பாகிவிடும். காலை ஐந்து மணிக்கு நீங்கள் ஜெனரேட்டரை உதைத்துக் கிளப்புவீர்கள், நான் காற்றை இழுக்கிற தூசிப் பெட்டியில் புதுத் தாளை மாட்டுவேன். அதற்குப் பிறகு எவ்வளவோ ஊருக்குப் போய்விட்டேன், அந்த அறையைப் போல எதுவும் எனக்குள் தங்கவில்லை.

எழுதுவதற்குக் காரணமும் இருக்கிறது. என் வேலை மாறியிருக்கிறது. காற்றிலோ தண்ணீரிலோ மண்ணிலோ உடம்புக்குக் கேடு இருக்கிறது என்று ஒருவர் ஆராய்ந்து கொண்டுவந்தால், அந்தச் சான்றை அரசு எப்படி மதிப்பிட வேண்டும், எந்த இடத்தில் யோசிப்பதை நிறுத்திவிட்டு மக்களைக் காக்கத் தொடங்க வேண்டும் என்று விதி எழுத மூன்று பேரை உட்காரவைத்திருக்கிறார்கள். அதில் நானும் ஒருத்தி. பழைய குழுவின் தலைவர் பேராசிரியர் ஹெர்மாவான் ஓய்வுபெற்றுவிட்டார். முதலில் எடுத்துக்கொள்ளப்போவது புகை.

1997ஆம் வருடத்துக் குழந்தைகள் பதிவேடு உங்களிடம் இருக்கிறதா? கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள்
பலுப்பி

*

தும்பாங் செனாரி
5 செப்டம்பர் 2002

பலுப்பி,

அடுப்பில் போடவில்லை. எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு வந்துவிட்டது. காகிதம் போட அதில் இடமில்லை.

நீ வாசனையைப் பற்றி எழுதியிருக்கிறாய். எங்களுக்கு அதை நினைத்துப் பார்க்க டப்பா தேவையில்லை. போன வியாழக்கிழமை முதல் மறுபடியும் வந்துவிட்டது. அக்கரை தெரியவில்லை.

என்னிடமும் ஒரு காகிதம் இருக்கிறது. 1998 மார்ச்சில் நம் புகை ஆய்வைப் பற்றி உங்கள் குழு கூடிய கூட்டத்தின் குறிப்பு. மாவட்ட அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு நகல் அனுப்பினார்கள். ஐந்தாம் பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமலே எழுதுகிறேன்: "சுகாதார நிலையத்துக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கை குறித்து ஆய்வாளரே ஐயம் தெரிவித்தார். எனவே இந்த ஆய்வை ஏற்பதற்கில்லை." கீழே கூட்டத்துக்கு வந்திருந்தவர்களின் கையெழுத்து. கடைசிக் கையெழுத்து உன்னுடையது.

அதை எனக்குப் படித்துக் காட்டியது யார் தெரியுமா? மாவட்ட அதிகாரி. என் இரண்டு உதவியாளர்களும் நிற்கும்போது. "உங்க ஜகார்த்தா தங்கச்சியே உங்களை நம்பலையே இபு லென்சி," என்றார். வீட்டுக்குப் போய் உனக்கு அந்த நான்கு வரியை எழுதினேன்.

ஆற்றில் விழுந்தவளை இழுத்துப்போட்டு, என் பாயில் படுக்கவைத்து, எங்கள் பிரம்புக் குருத்துக் குழம்பின் கசப்பைத் தின்னப் பழக்கி, இருமிய நாளெல்லாம் முதுகு தேய்த்துவிட்டேன். அந்தப் பெண் ஒரு பெரிய மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் "அந்த நர்ஸ் எண்ணியது எனக்குச் சந்தேகம்" என்று சொல்லிவிட்டாள். அப்படித்தான் நான் படித்தேன். வேறு எப்படிப் படிக்க?

பதிவேடு இருக்கிறது. கரையான் தொடவில்லை. அனுப்ப மாட்டேன்.

லென்சி

*

ஜகார்த்தா
20 செப்டம்பர் 2002

அக்கா,

திட்டியாவது எழுதினீர்களே. பதினைந்து நாளாகத் தபால்காரரை வாசலிலேயே மறித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூட்டத்தை உங்களுக்கு நான் சொல்லவே இல்லை. சொல்கிறேன். குளிரூட்டிய அறை, பன்னிரண்டு நாற்காலி. காட்டை எரிக்கிற மரக் கம்பெனிகளின் சங்கத்திலிருந்து வந்தவருக்கும் ஒரு நாற்காலி, ஒரு ஓட்டு. நான் எழுந்து, தூசியின் எடையைத் தங்கக் கடைத் தராசில் பார்த்தோம் என்று சொன்னதும் ஹெர்மாவான் கண்ணாடியைக் கழற்றினார்.

"புகை எத்தனை காரட்டும்மா?"

அறையே சிரித்தது. மரக் கம்பெனிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு உடனே ஹாஜி சப்ரியின் கடை ஞாபகம் வந்தது. பிஸ்கட் டப்பாவை நெஞ்சில் அணைத்துக்கொண்டு பலகை நடைபாதையில் போவோமே. "செருப்பைக் கழட்டிட்டு வாங்க. தங்கத்துக்குக் குடுக்கற மரியாதையைத் தூசிக்கும் குடுக்கணும்ல," என்பார். கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு. அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார், நாமும் பிடித்துக்கொள்வோம். மற்ற வருடங்களில் நான்கு மணி நேரத் தூசியை அந்தத் தராசில் வைத்தால் முள் அசையவே அசையாது. அந்த வருடம் அரை கிராம் காட்டியது. நல்ல தராசு இல்லாதது குறைதான். ஆனால் தங்கக் கடையில் நிறுக்கும் அளவுக்குப் புகை கனத்ததே, அதைத்தானே அவர்கள் கவனித்திருக்க வேண்டும்? இந்த வாக்கியம் எனக்கு வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் தோன்றியது.

பிறகு கேள்விகள். ஒரே ஒரு ஊர்தானா? புகை இல்லாத ஊரோடு ஒப்பிட்டீர்களா? விறகடுப்பால் இருமல் வந்திருக்கலாமே? கேட்க வேண்டிய கேள்விகள்தான் அக்கா. ஆனால் அந்தக் கேள்விகளைப் புகையிடம் யாரும் கேட்கவில்லை. கேடு இல்லை என்பதற்கு என்ன சான்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முழுதாக நிரூபிக்கும்வரை புகை நிரபராதி. நாங்கள் மூன்று பேரும் இப்போது மாற்றப் பார்ப்பது அதைத்தான். ஆதாயம் உள்ளவர் வந்து பேசலாம், ஓட்டுப் போடக்கூடாது. கைக்கு வந்த ஒரு ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு அடித்துப் போடாமல், அந்தக் கேட்டைப் பற்றி எங்கெங்கே யார் ஆராய்ந்திருந்தாலும், ஒன்றுமில்லை என்று சொன்னவை உட்பட, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். எது நல்ல ஆய்வு என்பதற்கான அளவுகோலை, முடிவு என்ன என்று பார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். கடைசியாக, காத்திருந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்.

ஐயம் தெரிவித்தது நான்தான். மறுக்கவில்லை. ஏன் என்பதை எழுத இரண்டு முறை முயன்று கிழித்துவிட்டேன். நேரில் வந்தால் சொல்வேனோ என்னவோ. உங்கள் எண்ணும் திறமையைச் சந்தேகப்பட்டு அல்ல என்பதை மட்டும் நம்புங்கள்.

பலுப்பி

*

தும்பாங் செனாரி
18 அக்டோபர் 2002

பலுப்பி,

ஹாஜி சப்ரி போன வருடத்துக்கு முந்தின வருடம் இறந்துபோனார். நுரையீரல். மகன் அந்தக் கடையில் இப்போது வானொலிப் பெட்டியும் கைக்கடிகாரமும் விற்கிறான். தராசை என்ன செய்தான் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. "தூசிக்குக் குடுக்கற மரியாதை" என்று அவர் சொன்னதை நான் மறந்தே போயிருந்தேன். நீ எழுதியதைப் படித்துவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

இந்த மாதம் முழுக்கப் புகைதான். நேற்று விடிகாலை ஒரு குழந்தைக்கு ஆவி பிடித்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று பதிவேட்டைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பரண் மேலிருந்து எடுத்தேன். ஐந்து வருடமாகத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் உனக்கு இப்போது எழுதப்போகிறேன்.

அந்த செப்டம்பரில் நமக்கு இரண்டு பதிவேடு இருந்தது. முன்வாசலில் ஒன்று, பின்திண்டில் ஆவி பிடிக்கிற இடத்தில் ஒன்று. முன்னால் பெயர் எழுதிய குழந்தையைப் பின்னால் அனுப்புவேன், அங்கே உதவியாளர் மறுபடியும் பெயர் எழுதிக்கொள்வாள். தினமும் சாயங்காலம் இரண்டையும் கூட்டினோம். ஒரே குழந்தை இரண்டு முறை. முதல் வாரம் அது தெரியாமல் நடந்தது. இரண்டாவது வாரம் எனக்குத் தெரிந்துவிட்டது.

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தத்தான் இருந்தேன். அப்போதுதான் நோவி. உனக்கு நினைவிருக்கும். மூன்று வயது, சிவப்பு ரப்பர் செருப்பு. ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றுதான் இருந்தது, அதில் வேறொரு குழந்தை. நோவியின் அப்பா அவள் உடலைத் தூக்கிக்கொண்டு படகுக்குத் திரும்பிப் போகும்போது என்னைத் திட்டவில்லை. "பரவால்ல சிஸ்டர், நீங்க என்ன பண்ணுவீங்க," என்றான்.

அன்று சாயங்காலம் கூட்டும்போது இரண்டு பதிவேட்டையும் அப்படியே கூட்டினேன். எண் பெரிதாக இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள், யாராவது எழுந்து நிற்பார்கள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். 412 என்று உன்னிடம் கொடுத்தேன். நீ நன்றி சொன்னாய்.

நேற்றும் இன்றும் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். 64 பெயர் இரண்டு முறை வந்திருக்கிறது. உண்மையான எண் 348. முந்நூற்று நாற்பத்தெட்டுக் குழந்தைகள் போதாதா பலுப்பி? ஒரு சின்ன ஊரில், பதினொரு வாரத்தில்? போதும்தானே. எனக்கு ஏன் போதவில்லை?

ஆய்வாளரே ஐயம் தெரிவித்தார் என்று படித்தபோது எனக்கு வந்த கோபத்துக்குள் இது இருந்தது. ஐயம் சரிதான் என்று எனக்கு மட்டும் தெரியும். அதனால்தான் உன்மேல் அவ்வளவு கோபம்.

இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

லென்சி

*

ஜகார்த்தா
4 நவம்பர் 2002

அக்கா,

எனக்குத் தெரியும். அப்போதே தெரியும்.

புகையால் நின்ற விமானங்கள் இன்னும் பறக்கத் தொடங்காமல் நான் கப்பலில் ஊர் திரும்பினேனே, அந்த ஒன்றரை நாளில் படுக்கையில் உட்கார்ந்து உங்கள் இரண்டு பதிவேட்டையும் படியெடுத்தேன். அஞ்செலின், நான்கு வயது, காலை ஏழு பத்து. அஞ்செலின், நான்கு வயது, காலை ஏழு நாற்பது. முதலில் இரண்டு அஞ்செலின் என்று நினைத்தேன். பிறகு யூலியுஸ். பிறகு மார்த்தா. கப்பல் ஆடிக்கொண்டிருந்தது. பென்சிலால் ஒவ்வொன்றாகக் கோடிட்டுக்கொண்டே போனேன். சுரபாயாவில் இறங்கும்போது என் சட்டைப் பையில் ஒரு துண்டுத் தாள் இருந்தது. அதில் 348.

மூலப் பதிவேட்டைப் பார்சலில் உங்களுக்குத் திருப்பி அனுப்பினேன். ஒரு வார்த்தை எழுதவில்லை. அறிக்கையில் 412ஐயும் மாற்றவில்லை, அப்படியே அச்சானது.

கூட்டத்தில் ஹெர்மாவான் கேட்டார்: "இந்த எண்ணுக்கு நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?" ஆமாம் என்று சொல்ல முடியவில்லை, பொய். 348 என்று சொன்னால், 412 எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரும். நீங்கள் அரசு வேலையில் இருக்கிறீர்கள், இரண்டு பிள்ளைகள். அதனால் "சந்தேகமா இருக்கு," என்றேன். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். முழு உண்மை அதுவும் இல்லை. அறிக்கையில் என் பெயர்தான் முதலில் இருந்தது. என்னையும்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

348 என்று சொல்லியிருந்தால் ஒருவேளை நம்மைத் திட்டிவிட்டு, சரி, 348க்கு என்ன செய்யலாம் என்று யாராவது பேசியிருப்பார்கள். நான் சந்தேகம் என்றதால் 348ம் போய்விட்டது. உங்களுடைய 64 பொய்ப் பெயர்களால் போனதைவிட, என் ஒரு வார்த்தையால் போனது அதிகம்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு தராசு முன்னால் மூச்சைப் பிடித்து நின்ற இரண்டு பேர் இப்படி ஒருத்தருக்கொருத்தர் ஐந்து வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறோம்.

இப்போது எங்கள் விதிப்படி, நம் ஆய்வை வேறு இரண்டு பேர் படித்து மதிப்பிடுவார்கள். என்னால் அதில் வாய் திறக்க முடியாது, ஆய்வை எழுதியவளே நான். ஆனால் அதற்கு முன் ஒரு திருத்தம் போயாக வேண்டும். இரட்டிப்பாக எண்ணினோம் என்று எழுத வேண்டும். உங்கள் பெயர் வரும். நீங்கள் இப்போது நிலையத்தின் பொறுப்பாளர் என்று கேள்விப்பட்டேன். வேண்டாம் என்று சொன்னால், நம் ஆய்வையே கணக்கில் எடுக்க வேண்டாம் என்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் சொல்கிறபடி.

பலுப்பி

*

தும்பாங் செனாரி
25 நவம்பர் 2002

பலுப்பி,

கடிதம் வந்தது. இப்போது பதில் எழுதினால் தப்பாக எழுதுவேன். மழை வரட்டும்.

லென்சி

*

தும்பாங் செனாரி
19 ஜனவரி 2003

பலுப்பி,

மழை வந்து ஒரு மாதமாகிறது. ஆறு வீட்டுக்கு அடியில் வந்து நிற்கிறது. காற்று கழுவிவிட்டது போல இருக்கிறது. இப்படிப்பட்ட நாட்களில் புகை என்று ஒன்று இருந்ததா என்றே தோன்றும், அதுதான் இந்த ஊருக்கும் உங்கள் ஊருக்கும் வியாதி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை. கோபம்தான். என் பொய்யைத் தெரிந்துகொண்டு, பாவம் என்று என்னை விட்டுவைத்திருக்கிறாய். ஐந்து வருடம் நான் உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்க, நீ எல்லாம் தெரிந்தும் சும்மா இருந்திருக்கிறாய். முகத்துக்கு நேரே "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். உன் இரக்கம் என் கோபத்தைவிட எனக்கு அதிகம் வலித்தது. இதை எழுதாமல் மற்றதை எழுத முடியாது, அதனால் எழுதிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நோவியின் அப்பாவைச் சந்தையில் பார்த்தேன். அவனிடம்தான் முதலில் சொன்னேன். ஏன் அவனிடம் என்று கேட்காதே. மீன் வாங்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என் பொண்ணை எத்தனை தடவை எழுதினீங்க?" என்றான். ஒரு தடவை என்றேன். அவள் பின்திண்டு வரை போகவே இல்லையே. "அப்ப சரி," என்றான். மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அதற்கு மேல் எனக்கு யாரிடமும் பயம் இல்லை. மாவட்ட அலுவலகத்துக்கும் நானே எழுதிவிட்டேன். ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இந்த வருடம் பதவி உயர்வு இல்லை. வேலை இருக்கிறது.

இரண்டு பதிவேடும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. திருத்தத்தை நானே எழுதியிருக்கிறேன், நீ அழகுபடுத்தாதே: "1997 செப்டம்பர் 8 முதல் 64 குழந்தைகள் இருமுறை எண்ணப்பட்டனர். முதல் வாரம் கவனக்குறைவால், அதன்பின் என் விருப்பத்தால். சரியான எண் 348. லென்சி உண்டுங், செவிலியர்." "நம்மால்" என்று நீ மாற்றினால் பார்சலைத் திரும்பக் கேட்பேன்.

இன்னொன்று. மறுபடி எண்ணும்போது ஒன்றைக் கவனித்தேன். பெயருக்குப் பக்கத்தில் குழந்தை வந்த நேரத்தையும் எழுதியிருக்கிறேன், எனக்கு அந்தப் பழக்கம். 348இல் 221 பேர் காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வந்திருக்கிறார்கள். பாதிப் பேர் பள்ளிச் சீருடையில். நீ தாள் மாற்றிய நேரத்தைப் பார், ஐந்திலிருந்து ஒன்பது வரை மாட்டிய தாள்தான் எப்போதும் கனம். இரவுக் குளிரில் புகை கீழே உட்கார்ந்துவிடுகிறது, வெயில் ஏறிய பிறகுதான் எழும்புகிறது. மாகாண அலுவலகம் காற்றின் எண்ணை எப்போது சொல்கிறது? பிற்பகல் மூன்று மணிக்கு. நேற்று மூன்றிலிருந்து இன்று மூன்று வரை சராசரி. அந்த எண் வருவதற்குள் பிள்ளைகள் படகில் போய், பள்ளி மைதானத்தில் ஓடி, இருமி, வீட்டுக்கும் திரும்பிவிடுகிறார்கள்.

இது உங்கள் விதிகளில் எங்கே வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

சளி பிடித்தால் முதுகில் தேய்க்க உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

லென்சி

*

ஜகார்த்தா
22 பிப்ரவரி 2004

அன்புள்ள அக்கா,

நேற்று முடிந்தது. ஒரு வருடம் இழுத்துவிட்டது. இடையில் சின்னச் சின்னதாக எழுதியவையெல்லாம் வந்து சேர்ந்தனவா?

அதே அறைதான், நாற்காலி குறைந்திருக்கிறது. மரக் கம்பெனிகளின் சங்கத்திலிருந்து வேறொருவர் வந்தார், இருபது நிமிடம் பேசினார், ஓட்டெடுப்புக்கு முன் வெளியே போய்விட்டார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. நான்தான் ஏமாந்துபோனது போல உட்கார்ந்திருந்தேன், இவ்வளவு சுலபமா என்று.

பதினான்கு ஆய்வுகள் சேர்த்திருந்தார்கள். கிழக்குக் கரை, சுமத்ரா, கடலுக்கு அந்தப் பக்கம். இரண்டு ஆய்வுகள் புகைக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றன. அவற்றையும் வைத்தார்கள். நம்முடையது கடைசி. என்னால் பேச முடியாது என்பதால் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். படித்து மதிப்பிட்ட இருவரில் ஒருவர், மக்காசாரைச் சேர்ந்த இளம் மருத்துவர், எழுந்து உங்கள் திருத்தத்தை முழுதாக வாசித்தார். "அதன்பின் என் விருப்பத்தால்" என்ற இடத்தில் எல்லோரும் தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள்.

பிறகு மதிப்பீட்டைச் சொன்னார்: "பலவீனமான ஆய்வு."

நாங்களே எழுதிய அளவுகோல். அதில் வைத்தால் நம் பதினொரு வாரமும் பலவீனம்தான். ஒரே ஊர், ஒப்பீடு இல்லை, தங்கத் தராசு, இருமுறை எண்ணிய பதிவேடு. நியாயமாகத்தான் சொன்னார்கள். ஹெர்மாவான் ஏளனமாகச் சொன்னதையே இவர்கள் மரியாதையாகச் சொல்கிறார்களோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

ஆனால் அவர் உட்காரவில்லை. "ஆனா ஒண்ணு," என்றார். "இந்தப் பதினாலுல நேரம் எழுதி வெச்சவங்க இந்த நர்ஸ் மட்டும்தான். வேற யாருக்கும் தோணலை." மற்ற ஆய்வுகள் புகை கேடு என்று உறுதியாகக் காட்டின. எந்த நேரத்துப் புகை, எந்தக் குழந்தையை என்று காட்டியது உங்கள் பேனாதான். வலுவானவையும் பலவீனமானதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, ஒன்று விட்டதை இன்னொன்று சொன்னது. காத்திருந்தால் என்ன ஆகும் என்ற கட்டத்தில், வருடத்துக்கு எத்தனை பள்ளிக் காலைகள் என்று எழுதினார்கள். நடவடிக்கை எடுத்து அது தப்பாகிவிட்டால் என்ன நஷ்டம் என்ற கட்டத்தில், சில விடுமுறை நாட்கள் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு பெரிய வாதம் இல்லை.

முடிவு சிறியதுதான். எரிப்பதை நிறுத்த இந்தக் குழுவுக்கு அதிகாரம் கிடையாது. மூன்று மாவட்டங்களில் பரிசோதனையாக, புகைக் காலத்தில் காற்றின் எண்ணைக் காலை ஐந்து மணிக்கு வானொலியில் சொல்ல வேண்டும். நுண்தூசியையும் சேர்த்து அளக்க வேண்டும். எண் வரம்பைத் தாண்டினால் அன்று தொடக்கப் பள்ளி கிடையாது. மூன்று மாவட்டங்களில் ஒன்று உங்களுடையது. நான் கேட்கவில்லை. நான்தான் சுவரோரம் இருந்தேனே.

வெளியே வந்து நடைபாதையில் நின்றபோது, எனக்கு உங்களோடு சேர்ந்து எதையாவது சாப்பிட வேண்டும் போல இருந்தது. முதல் மழை வந்த அன்று நாம் சட்டியோடு வெளியே ஓடி, நனைந்துகொண்டே நின்று சோறு தின்றோமே. தாள்களெல்லாம் நனைகிறது என்று நான் அழுதேன். "மழையே வந்துருச்சு, இனிமே தாள் எதுக்குடி பைத்தியம்?" என்று நீங்கள் கத்தினீர்கள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் எடைபோட்டுவிடலாம் என்று நம்பிய வயது. அந்த நம்பிக்கை போய்விட்டது. அந்த மழை போகவில்லை.

முதுகு தேய்க்க யாரும் இல்லை. நீங்கள் கேட்டு ஒரு வருடமாகிவிட்டது, இப்போதுதான் சொல்கிறேன்.

பலுப்பி

*

தும்பாங் செனாரி
9 அக்டோபர் 2004

என் அன்புப் பலுப்பிக்கு,

பலவீனமான ஆய்வு என்பதை நீ எழுதியபோது நான் சிரித்துவிட்டேன். பலவீனமான இரண்டு பேர் செய்தது வேறு எப்படி இருக்கும்?

போன மாதம் வானொலி அறிவிப்பு தொடங்கியது. முதல் மூன்று வாரம் எண் வரம்புக்குக் கீழேயே இருந்தது, ஊரில் யாரும் காதில் வாங்கவில்லை. முந்தாநாள் வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு அந்தப் பையன் எண்ணை இரண்டு முறை வாசித்தான். வரம்பைப் போல ஒன்றரை மடங்கு. நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன், கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரிந்தது.

ஆறு மணிக்குத் தலைமை ஆசிரியர் சஹாய், பள்ளிப் பிள்ளைகளின் படகுகள் வந்து நிற்கிற எங்கள் படித்துறைக்கு வந்துவிட்டார். உனக்கு அவரைத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். நல்ல மனிதர், மேலதிகாரி என்றால் நடுங்குவார்.

"இபு, அந்த நம்பர் நிஜமா? வாசிச்சவன் தப்பா வாசிச்சிருந்தா?"

தப்பில்லை என்றேன்.

"பரீட்சை வாரம். திருப்பி அனுப்பிட்டு நாளைக்கு மேல இருந்து கேட்டா நான் என்ன சொல்ல? ஒரு நாள்தானே, மாஸ்க் போட்டுக்கட்டுமே."

எனக்கு நிறையச் சொல்ல இருந்தது. உள்ளே போய், நீ அனுப்பியிருந்த திருத்தத்தின் நகலையும், நேரம் எழுதிய பக்கங்களின் நகலையும் எடுத்து வந்து கொடுத்தேன். டார்ச் வெளிச்சத்தில் படித்தார். திருத்தத்தைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நேரங்களைப் படித்தார். ஏழு பத்து, ஏழு பத்து, ஏழே கால், ஏழு இருபது. அவர் பிள்ளைகள் எந்த நேரத்தில் எந்தப் படகில் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும் அல்லவா. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நீ கேட்பாய், வீட்டில் மட்டும் புகை இல்லையா என்று. இருக்கிறது. ஆனால் கதவை மூடலாம், துணியை நனைத்துக் கட்டலாம், ஓடாமல் உட்காரலாம். பள்ளி மைதானத்தில் ஓடிக்கொண்டே அதைக் குடிப்பதைவிட அது எவ்வளவோ மேல். அன்று நிலையத்துக்கு வந்த குழந்தைகள் ஒன்பது பேர். ஒரு நாள் எண்ணை வைத்து எதுவும் சொல்லக்கூடாது என்று உங்கள் விதி சொல்லும், அதனால் இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். ஒன்பது பேரையும் ஒரு முறைதான் எழுதினேன்.

காடு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. வியாழக்கிழமையும் எரிந்தது, இன்றும் எரிகிறது.

அடுத்த புகைக் காலம் வரை காத்திருக்காமல் மழைக் காலத்தில் ஒரு முறை வா. பின்னறையில் இப்போது மருந்துப் பெட்டிகள் இருக்கின்றன, நகர்த்திவிடலாம். பாய் புதிது.

அந்த வியாழக்கிழமைக் காலையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆறரை மணிக்குப் படகுகளின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, வெறும் மோட்டார் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, வெள்ளைக்குள்ளிருந்து. சஹாய் படித்துறையின் கடைசிப் பலகைக்குப் போய் நின்றார். இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்ல. வீட்டுக்குப் போங்க."

மோட்டார்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒரு நிமிடம் ஒன்றுமே கேட்கவில்லை, பலகையில் தண்ணீர் மோதுகிற சத்தம் மட்டும். பரீட்சையும் இல்லையா என்று ஒரு பெண் குழந்தையின் குரல் கேட்டது. இல்லை என்றார். உடனே புகைக்குள்ளிருந்து ஒரு கூச்சல், பலகையைத் தட்டுகிற சத்தம், சிரிப்பு. எத்தனை பிள்ளைகள் என்று தெரியவில்லை. முகம் ஒன்றும் தெரியவில்லை. ஆறு முழுக்கச் சிரிப்புதான்.

மோட்டார்கள் திரும்பவும் கிளம்பி, திசை மாறி, ஒவ்வொன்றாகத் தூரம் போயின. கடைசிப் படகின் சத்தம் ஓயும்வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.

உன்
லென்சி அக்கா